பாலம் முடியும் இடம்

மதுரையில் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது சீக்கிரமே ஒரு கோரிக்கையில் போய் நிற்கும்: வைகையின் குறுக்கே இன்னொரு பாலம் வேண்டும். தேர்தல் வாக்குறுதி, மாநகராட்சித் தீர்மானம், வணிகர் சங்க மனு, டீக்கடைப் பேச்சு எல்லாவற்றிலும் இந்தக் கோரிக்கை உண்டு. கேட்டதெல்லாம் ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் யானைக்கல் பாலம் வந்தது. ஓபுளா படித்துறையிலும் குருவிக்காரன் சாலையிலும் தரைப்பாலங்கள் இருந்த இடத்தில் உயர்மட்டப் பாலங்கள் எழுந்தன. மேற்கே ஆரப்பாளையத்தை ஒட்டி, தத்தனேரிப் பக்கம் போக ஒரு வழியும், பாத்திமா கல்லூரிப் பக்கம் ஏறி திண்டுக்கல் சாலையைப் பிடிக்க ஒரு வழியும் ஆற்றுக்கு மேல் இருக்கின்றன. இத்தனை பாலங்கள் வந்த பிறகும் காலை ஒன்பது மணிக்குத் தென்கரையிலிருந்து வடகரைக்குப் போவது எளிதாகிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. மதுரையில் ஆற்றைக் கடப்பது இன்று பெரிய பிரச்சினையாக இல்லை. கடந்ததும் வண்டி எங்கே இறங்குகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இதை ஆரப்பாளையத்தைப்போல் தெளிவாகக் காட்டும் பகுதி இந்த நகரத்தில் வேறு இல்லை.

ஊர் வளர்ந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய மதுரை முழுக்கத் தென்கரையில் இருந்த ஊர். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வெளி வீதிகள் உருவாயின. தேர் ஓடவும் சுவாமி புறப்பாட்டுக்கும் அமைந்தவை உள் வீதிகள். ஊரின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறுவதற்கு நேரான வழி இவற்றில் எதுவும் கிடையாது. மேற்கிலிருந்து வந்து வடகிழக்கே போக வேண்டியவர் வெளி வீதிகளைச் சுற்றித்தான் ஆக வேண்டும். 1875 வாக்கில் ரயில் வந்தது. ஊரின் மேற்கு ஓரமாக வந்த தண்டவாளம் சிம்மக்கல்லுக்கும் ஆரப்பாளையத்துக்கும் இடையே ஆற்றைத் தாண்டி, செல்லூர், தத்தனேரி, கூடல்நகர் வழியாகத் திண்டுக்கல் நோக்கித் திரும்புகிறது. 1889-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரில் ஆற்றின் குறுக்கே கல்பாலம், அதாவது ஏ.வி. பாலம், திறக்கப்பட்டது. ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் தொடங்கப்பட்டது. பாலம் வடகரையைத் திறந்துவிட்டது, மில் மேற்கை நிரப்பியது. கரிமேடு, பொன்னகரம், ஆரப்பாளையம், அரசரடி என்று தண்டவாளத்துக்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கின.

வீடுகள் மேற்கிலும் தெற்கிலும் பெருக, பெரிய பொது நிறுவனங்கள் வடகரையில் போய் அமர்ந்தன. கலெக்டர் அலுவலகம், அரசு ராஜாஜி மருத்துவமனை, அமெரிக்கன் கல்லூரி, தமுக்கம் மைதானம் எல்லாம் அங்கேதான். 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வடகிழக்கே திறக்கப்பட்டது. 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை அதே மேலூர் சாலையில் இன்னும் தள்ளி வந்தது. தேனி, திண்டுக்கல் மாவட்டங்களும் இந்தக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. இரு மாவட்டங்களிலும் சிக்கலான நோய் உள்ளவர்களும் ராஜாஜி மருத்துவமனையை நம்பித்தான் வருகிறார்கள். இவர்களெல்லாம் மதுரையில் முதலில் கால் வைக்கும் இடம் ஆரப்பாளையம். தேனி, கம்பம், போடி, கொடைக்கானல், திண்டுக்கல், பழனி, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று மேற்கும் வடமேற்கும் முழுக்க இந்த ஒரு பஸ் நிலையத்தில்தான் வந்து முடிகிறது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு நோயாளியும் துணைக்கு ஒருவரும் ராஜாஜி மருத்துவமனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாகக் காளவாசல் வரை பஸ் தடையில்லாமல் வந்துவிடும். அதன் பிறகுதான் பயணம் நீள ஆரம்பிக்கிறது. நிலையத்துக்குள் திரும்ப பஸ் வாசலில் காத்து நிற்கும்போதே பாதிப் பேர் கூடையும் பையுமாக நடுரோட்டில் இறங்கிவிடுவார்கள். வாசலை அடைத்து ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் இருசக்கர வாகனங்களும் தள்ளுவண்டிகளும். அங்கிருந்து மருத்துவமனை இருக்கும் கோரிப்பாளையம் போகக் கிழக்கே நகர்ந்தால் குறுக்கே தண்டவாளம். அதன் அடியில் நுழைந்து போக மணிநகரம் கர்டர் பாலம் போன்ற குறுகிய வழிகள்தான், அதிலும் நல்ல மழை பெய்தால் தண்ணீர் கட்டிவிடும். பிறகு சிம்மக்கல், யானைக்கல், ஆறு, கோரிப்பாளையம் சந்திப்பு. வடக்கே தத்தனேரி வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், ஆற்றைக் கடந்த கொஞ்ச தூரத்திலேயே அதே தண்டவாளம் மறுபடி எதிரே வரும். அதைத் தாண்ட ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கி, செல்லூரின் நெருக்கமான தெருக்களுக்குள் புகுந்தாக வேண்டும். ஆரப்பாளையம் ஓர் ஆற்றங்கரைப் பகுதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு வடக்கே வைகை, கிழக்கே தண்டவாளம் என்று இரண்டு தடைகள். முதல் தடையைக் கடக்கப் போதுமான பாலம் இருக்கிறது. இரண்டாவது தடையைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

ஒரு பாலத்தின் அகலம் ஏன் இவ்வளவு குறைவாக உதவுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தடையில்லாமல் ஓடும் சாலையில் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகலாம் என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அதே தடம் ஒரு சிக்னலில் போய் முடிந்து, அங்கே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பச்சை விளக்கு எரியும் என்றால், மணிக்கு 600 கார்கள்தான் வெளியேறும். பாலத்தின் மேல் குறுக்குச் சாலை இல்லை, சிக்னல் இல்லை, நின்று ஆள் ஏற்றும் பஸ்ஸும் இல்லை. அதனால் வண்டிகளைத் தாராளமாக உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளியே விடும் வேலை முனையில் இருக்கும் சந்திப்பினுடையது. நம் சந்திப்புகளிலோ சிக்னலைத் தவிர இடதுபக்கம் வளைந்து நிற்கும் ஆட்டோ, எதிர்த்திசையில் ஏறிவரும் பைக், நடுரோட்டில் இறங்கும் பயணி, சாலையைக் கடக்கத் தவிக்கும் பள்ளிப்பிள்ளை என்று பல உண்டு. பாலத்தை இரட்டிப்பாக்கிவிட்டுச் சந்திப்பை அப்படியே விட்டுவைத்தால், முன்பு கரையில் நின்ற வரிசை இப்போது பாலத்தின் மேல் நிற்கும். அவ்வளவுதான் மாற்றம்.

சந்திப்பின் மேலேயே மேம்பாலம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அடுத்து வரும் வாதம், அதில் பாதி உண்மை இருக்கிறது. பைபாஸ் சாலையும் தேனி சாலையும் வெட்டிக்கொள்ளும் காளவாசலில் 2020-ல் மேம்பாலம் திறந்த பிறகு, நேராகப் போகிறவர்களுக்கு அந்த ஒரு சிக்னல் மிச்சமானது. கோரிப்பாளையத்திலும் மேம்பாலம் வேண்டும் என்று அரசு முடிவெடுத்ததற்கு நியாயம் உண்டு, ஏ.வி. பாலத்தின் வடமுனை இத்தனை சாலைகளை ஒரே இடத்தில் சுமக்கும்போது வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் மேம்பாலம் நேராகப் போகும் வண்டிக்கு உதவும் பொருள். மருத்துவமனை வாசலில் இறங்க வேண்டியவர், பஸ் மாற வேண்டியவர், கல்லூரிக்கு நடந்து போகிறவர் எல்லோருக்கும் வேலை தரையில்தான். மேலே ஓடும் வண்டியும் எங்காவது ஓரிடத்தில் தரைக்கு வந்தே தீரும். காளவாசலில் மிச்சப்பட்ட நிமிடங்கள் பெத்தானியாபுரம், குரு தியேட்டர், பாலம், பாத்திமா கல்லூரி என்று அடுத்தடுத்த இடங்களில் செலவாகிவிட்டால், கட்டியதன் பலன் பயணிக்கு வந்து சேராது. அதனால் ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனி நோயாகப் பார்த்து மருந்து கொடுக்கும் முறையே மாற வேண்டும் என்கிறேன்.

தரைப்பாலங்களை உயர்த்திக் கட்டியது வீண் செலவா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலும் சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடப்பதால் அதை ஆறு என்றே நினைக்காத தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் 1959-ல் கட்டி முடித்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர மாவட்டங்களுக்கு அறிவிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. 1993 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். தண்ணீர் வரும் நாளில் தரைப்பாலத்துக்கு இரும்புத் தடுப்பு போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் பாலங்களில் ஊரே திரளும். உயர்மட்டப் பாலம் அந்த நாளுக்கான பாதுகாப்பு. அந்த நாளுக்காகக் கட்டியதை மற்ற 350 நாள் நெரிசலுக்கும் மருந்தாக எதிர்பார்ப்பதுதான் தவறு.

இதைவிடக் கவலை தரும் விஷயம் கரைச் சாலைகள். 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற பிறகு, ஆற்றின் இரு கரையிலும் தடுப்புச் சுவரும் சாலையும் அமைக்கும் வேலை வேகம் பிடித்தது. நகருக்குள் புதிய சாலை போட வீடு இடிக்க வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், வழக்கு வரும். ஆற்றங்கரையில் அந்தத் தொல்லைகள் குறைவு. அதனால் ஆறு ஊரின் காலி மனைபோல் ஆகிவிட்டது. அணையில் தண்ணீர் திறந்ததும் சிம்மக்கல், செல்லூர் பக்கத்தில் கரையோரச் சாலை மூழ்கி, போலீஸார் போக்குவரத்தைத் திருப்பிவிடும் காட்சி ஆண்டுதோறும் வருகிறது. ஆரப்பாளையத்தில் இருப்பவர்களுக்குக் கரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புட்டுத்தோப்பு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து உதிர்ந்த புட்டுக்கு மண் சுமந்ததும், பிரம்படி பட்டதும் ஒவ்வோர் ஆவணி மூலத்துக்கும் இங்கே திருவிழாவாக நடக்கிறது. மீனாட்சியும் சொக்கநாதரும் கோயிலிலிருந்து புட்டுத்தோப்புக்கு எழுந்தருளும் அந்த நாளின் கதையில், கரை என்பது ஊரே சேர்ந்து காக்க வேண்டிய பொதுச்சொத்து. வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை வண்டி நிற்கும் இடமாக மாற்றுவதற்கு முன், இந்த ஊர் தன் கதையைத் தானே ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கரைச் சாலை இல்லாவிட்டால் அந்த வண்டிகள் எங்கே போகும் என்பது நியாயமான கேள்வி. தென்கொரியாவின் சோல் நகரில் சியோங்கியேசியோன் ஓடையை மூடி அதன்மேல் பறக்கும் விரைவுச்சாலை ஓடியது. 2003-ல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-ல் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீட்டுத் திறந்தார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று அஞ்சியது நடக்கவில்லை. காரணம், 2004-ல் பஸ் வழித்தடங்களை அடியோடு மாற்றி, பஸ்களுக்கெனத் தனித் தடம் ஒதுக்கினார்கள். சோலில் மெட்ரோ இருந்தது, மதுரையில் இல்லை என்று மறுப்பவர்கள் சொல்வது சரிதான். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் தீட்டிய மெட்ரோ திட்டமும் 2025 நவம்பரில் மத்திய அரசிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது நிறைவேறினாலும் ஆரப்பாளையம் அந்தத் தடத்தில் இல்லை. எனவே அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்தப் பகுதி மக்களுக்கு பஸ்தான் மெட்ரோ. அந்த பஸ்ஸுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? ஐம்பது பேரோடு வரும் பஸ் சாலையில் மூன்று கார்களுக்கான இடத்தைப் பிடிக்கும். ஆனாலும் ஒருவர் ஓட்டிவரும் காருக்குக் கொடுக்கும் அதே வரிசையில், அதற்கும் பின்னால், அதை நிறுத்திவைக்கிறோம்.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. நெரிசலுக்குக் காரணமே பஸ் நிலையம்தான் என்று நினைப்பவர்களுக்கு இது கவர்ச்சியான யோசனை. மாட்டுத்தாவணி வந்தபோது ஊருக்குள் சிதறிக்கிடந்த வெளியூர் பஸ்கள் ஒழுங்குபட்டது உண்மை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் 1999-ல் வெளியே இருந்த மாட்டுத்தாவணியை நகரம் எட்டிப் பிடித்துவிட்டது. அங்கே இன்று உள்ள நெரிசலைப் பார்ப்பவர், நிலையத்தை நகர்த்துவது நெரிசலையும் கூடவே கூட்டிப்போவது என்பதைப் புரிந்துகொள்வார். சென்னையில் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்தபோது கட்டடம் பிரமாதமாக இருந்தது. பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. நள்ளிரவில் மூட்டை முடிச்சோடு இறங்கிய குடும்பங்கள் ஊருக்குள் போகப் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர் திறந்த பிறகு, மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி நடந்துபோய் வேலை பார்த்தவர்கள் இன்னொரு பஸ் ஏற வேண்டியதாயிற்று. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு கூடாது என்று பதில் வரலாம். நேரம் கூடும். கைக்குழந்தையும் கூடையும் வைத்திருப்பவருக்கு இன்னொரு முறை ஏறி இறங்குவது சிரமம். மாறி ஏறும் சிரமம் அதிகமானால், கடன் வாங்கியாவது ஒரு பைக் வாங்கிவிடுவது மேல் என்று வீடுகள் முடிவெடுக்கும். அந்தப் பைக்குகள் மறுபடி அதே பாலத்துக்குத்தான் வரும்.

ரயில் இந்தச் சுமையைக் குறைக்குமே என்றும் கேட்கலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நின்றுபோன மதுரை–போடி ரயில், 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் திரும்ப ஓட ஆரம்பித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் தேனி மாவட்டத்தின் சுமை முழுவதையும் ஆரப்பாளையம்தான் தாங்கியது. சுமார் 90 கிலோமீட்டர் தூரத்துக்கு நாள் முழுவதும் அடிக்கடி வண்டி விட்டால் ரயிலால் நிறைய உதவ முடியும். விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வண்டி இருக்கும்வரை, மணிக்குப் பல முறை கிளம்பும் பஸ்ஸுக்கு அது மாற்றாகாது. சரக்கு லாரிகளின் கதை வேறு. அவற்றுக்கு மேற்கே சமயநல்லூரிலிருந்து கப்பலூர் போகும் நான்குவழிச் சாலையும், அங்கிருந்து உத்தங்குடி வரை ரிங் ரோடும் இருக்கின்றன. வடக்கே வாடிப்பட்டியையும் தாமரைப்பட்டியையும் இணைக்கும் சுமார் 30 கிலோமீட்டர் சாலையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கையிலெடுத்தது. மதுரையில் வேலை இல்லாத வண்டியை மதுரைக்குள் வராமல் வைப்பது இந்தச் சாலைகளின் வேலை, அந்த அளவில் அவை நல்ல முதலீடு. உசிலம்பட்டி நோயாளிக்கு மதுரைக்குள்தான் வேலை.

அப்படியானால் ஆரப்பாளையத்துக்கு என்ன வேண்டும்? முதலில், பஸ் நிலையத்தின் வாசலை ஒரு சந்திப்பாக நினைத்து அமைக்க வேண்டும்: உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, ஷேர் ஆட்டோவுக்கு ஒதுக்கிய இடம், பயணி பயமில்லாமல் நடக்கும் நடைபாதை என்று நான்கையும் பிரித்தாக வேண்டும். அடுத்து, ஆரப்பாளையத்திலிருந்து தத்தனேரி, செல்லூர் வழியாக ராஜாஜி மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், மாட்டுத்தாவணி, உயர்நீதிமன்றக் கிளை என்று வடகரையிலேயே ஓடும் பஸ்கள் குறைந்த இடைவெளியில், இன்ன நேரத்துக்கு வரும் என்று நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அவற்றுக்குக் காலையிலும் மாலையிலும் பாலத்தின் முனைகளில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். பெரியார் பஸ் நிலையம் வழியாகவே எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய் ஏ.வி. பாலத்தில் திணிக்கும் பழக்கம் குறைந்தாலே கோரிப்பாளையம் கொஞ்சம் மூச்சு விடும். சாலை குறுகல், பஸ்ஸுக்குத் தனித் தடம் எங்கே போடுவது என்பார்கள். செல்லூரின் உள்தெருக்களில் இடம் இல்லைதான். ஆனால் சந்திப்பை நெருங்கும் கடைசி நூறு மீட்டரில் சாலையோர வாகன நிறுத்தத்தை எடுத்துவிட்டாலே ஒரு தடம் கிடைக்கும். நெரிசலில் பஸ் அதிக நேரம் இழப்பது அந்த நூறு மீட்டரில்தான். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்களின் கவலையும் உண்மையானது. பஸ்ஸில் வந்து நடந்துபோகிறவரும் வாடிக்கையாளரே என்பதை அவர்களுக்கு ஒரு மாதச் சோதனை ஓட்டத்தில் காட்டலாம், சரிவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டில் கட்டியதை அப்படி மாற்ற முடியாது.

இனி எந்தப் பாலத்துக்கு மதிப்பீடு போட்டாலும், அதன் இரு முனைகளிலும் உள்ள சந்திப்புகளும் நடைபாதையும் பஸ் நிறுத்தமும் அதே மதிப்பீட்டில், அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் விதி வகுத்துக்கொள்ளலாம். ஆற்றுப் பாலம் ஒரு துறை, ரயில்வே பாலம் இன்னொரு துறை, வடிகால் வேறொரு துறை என்று பிரிந்து கிடப்பதால்தான் பாலத்துக்குத் திறப்பு விழாவும் முனைக்கு நெரிசலும் வாய்க்கிறது. உடனடியாகத் தொடங்க ஓர் இடம் சொல்ல வேண்டுமென்றால் மணிநகரம் கர்டர் பாலத்தைச் சொல்வேன். ஆரப்பாளையத்துக்கும் ஊருக்கும் நடுவில் தண்டவாளத்தைத் தாண்டும் அந்தச் சிறிய வழியில் மழைநீர் தேங்காமல் வடிகாலும் மோட்டாரும் சரியாக இருந்தால், மழைநாளில் சிம்மக்கல்லைச் சுற்றும் வண்டிகள் பாதியாவது குறையும். புதுப் பாலம் ஒன்றுக்கு ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கு அதற்குப் போதும், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடக்கூடிய வேலையும்கூட.